தாராசுரத்துத் தறியும் 35 மி.மீ. லென்ஸும்

ஒருவழியாக நான் நினைத்த புகைப்படம் வந்துவிட்டது. தாராசுரத்துக் குழித்தறியில் நெசவாளர் பெரியவரின் கை, குறுக்கிழையை ஓட்டும் நாடா, பாதி நெய்த பட்டின் சரிகைக் கரை, மூன்றும் கூர்மை. நிறமும் கெடவில்லை. இதற்காகத்தான் 35 மி.மீ. எஃப் 1.8 என்ற பிரைம், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ், வாங்கினேன். "முதல் பிரைம் என்றால் 50தான்" என்று ஓதுபவர்கள் அந்த அறைக்குள் ஒருமுறை வந்து நிற்கட்டும். முதுகு சுவரில் இடிக்கும். என் நிக்கான் டி5600 கேமராவின் சென்சார் சிறியது; அதில் 50 மி.மீ. என்பது முழு ஃபிரேம் கேமராவின் 75க்குச் சமம், காட்சி குறுகிவிடும். கை மட்டும் அடங்கும், நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் வெளியே போய்விடும். 35 அங்கே 52 சொச்சம்.

லென்ஸ் வந்த பிறகு உயிரை வாங்கியது டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு வைத்த விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை 1/250 நொடியில் வைத்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல், அதற்கும் அடுத்ததில் அரக்குப் பட்டே பழுப்பாகிவிடுகிறது. 1/100க்கு இறங்கினால் ஒவ்வொரு படத்திலும் ஒரு முழுத் துடிப்பு அடங்கி நிறம் நிலைக்கிறது. ஆனால் கை இழுபடுகிறது. விளக்கை அணைக்கலாமா என்றால், "இழை அறுந்தால் யார் பார்ப்பது தம்பி?" என்றார் பெரியவர். நியாயம்தான்.

கடைசியில் கையின் தாளத்தைப் பிடித்தேன். நாடா மறுபக்கம் சேர்ந்து, ஊடை என்ற குறுக்கிழையை அடித்து இறுக்கியதும் கை ஒரு கணம் நிற்கிறது. அங்கே 1/100 போதும். லென்ஸின் துளை எஃப் 2.2, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 1600. துளையை முழுதும் திறந்த 1.8இல் கூர்மையின் ஆழம் குறைவு; விரல் கூர்மையானால் சரிகை கரைந்துவிடுகிறது.

பக்கத்திலேயே ஐராவதேசுவரர் கோயில். அங்குள்ள தூண் சிற்பங்களுக்கு மட்டும் 35ஐ மறந்துவிடுங்கள். கல் அசையாது, நம் கை நடுக்கத்தை கேமராவோடு வந்த கிட் ஜூம் லென்ஸின் வி.ஆர். என்ற நடுக்கம் குறைக்கும் வசதி பார்த்துக்கொள்ளும். 55இல் வைத்து நெருங்கினால் உள்ளங்கை அகலச் சிற்பம் 35 காட்டுவதைவிடப் பெரிதாக வருகிறது. தொல்லியல் துறையின் இடம், முக்காலிக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கிட் லென்ஸை விற்றுவிட்டுப் பிரைம் வாங்கச் சொல்லும் அறிவுரையில் எனக்கு மரியாதையே இல்லை.

கும்பகோணத்தில் ஸ்டூடியோவை மூடும் ஒருவர் பழைய 50 எஃப் 1.8டி ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்றார். அந்த லென்ஸிலும் ஃபோகஸ் மோட்டார் இல்லை, டி5600இலும் இல்லை. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை! ஐப்பசி அடைமழையின் ஈரம் பீரோவுக்குள்ளும் புகும் ஊர் இது. டார்ச் இல்லாமல் பழைய லென்ஸ் பார்க்கப் போகாதீர்கள். என்னுடையவை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் தூங்குகின்றன.

அடுத்து, வடுவூர் ஏரிக்குப் பறவைகள் வருவதற்குள் தூரத்தை நெருக்கிக் காட்டும் ஏ.எஃப்-பி 70-300 ஜூம் லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும். வி.ஆர். இல்லாத மலிவுப் பதிப்பும் கிட்டத்தட்ட அதே பெயரில் இருக்கிறது. கடைக்காரர் அதை நீட்டினால், பெட்டியின்மேல் வி.ஆர். என்ற எழுத்தைக் காட்டச் சொல்லப் போகிறேன்.