உற்பத்தி நின்ற காருக்கு சஸ்பென்ஷன் பாகங்கள் தேடிய அனுபவம்

என் கார் மாடல் உற்பத்தியிலிருந்து போய் நெடுநாளாகிறது. இஞ்சின் இன்றும் முதல் சாவியிலேயே உயிர் பெறும். சக்கரத்தை வண்டியோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பான சஸ்பென்ஷன்தான் முன்பக்கத்தில் தளர்ந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் ‘டக்’கென்று அடிக்கும், பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். மெக்கானிக் வண்டியைத் தூக்கி லீவர் போட்டு நெம்பிக் காட்டினார். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் தாங்கும் லோயர் ஆர்மை வண்டியோடு சேர்க்கும் புஷ்களில் (ரப்பர் உள்ள உருளைகள்) ரப்பர் கிழிந்திருந்தது, சக்கரப் பக்கம் திரும்ப உதவும் குண்டு மூட்டான பால் ஜாயிண்ட் ஒன்றில் ஆட்டம், குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு. “வேலை செய்துவிடலாம், சாமானை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்” என்றார்.

காரின் பெயரையும் வருடத்தையும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் “வராது” என்றுதான் பதில். வந்தாலும் அது பொருந்துமா என்பது சந்தேகம். ஒரே பெயரில், ஒரே வருடத்தில் வந்த கார்களிலேயே டீசலுக்கு இஞ்சின் எடை அதிகம் என்பதால் ஸ்பிரிங் வேறாக இருக்கும். இடையில் மாடலைத் திருத்தியிருந்தால் லிங்க் ராடின் (சஸ்பென்ஷன் பாகங்களை இணைக்கும் சிறு கம்பி) நீளமோ பால் ஜாயிண்டின் கூம்பு அளவோ மாறியிருக்கும். அதனால் தேடலை, ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள சேசிஸ் நம்பரிலிருந்து தொடங்கினேன். அந்த 17 எழுத்தெண்களைக் கொடுத்து உற்பத்தியாளரின் பாகப் பட்டியலில் பார்த்தால், சஸ்பென்ஷன் முழுவதையும் பிரித்துப் போட்ட படமும் ஒவ்வொன்றின் பார்ட் நம்பரும் வரும். சேசிஸ் நம்பரில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வந்ததாகத் தோன்றினால் அது 1 அல்லது 0தான்.

பார்ட் நம்பர் கைக்கு வந்த பிறகு நிலைமையே வேறு. பழைய நம்பரை நிறுத்திவிட்டு அதே பாகத்துக்குப் புது நம்பர் கொடுப்பது வழக்கம். பழையதைக் கேட்டால் இல்லை என்பார்கள். புதியதைக் கேட்டால் அலமாரியில் இருக்கும். என் பால் ஜாயிண்ட் அப்படித்தான் கிடைத்தது. ஷாக்குக்கு கேஒய்பி, சாக்ஸ் போன்ற தயாரிப்பாளர்களின் பட்டியல்கள் உதவின. கார் கம்பெனியின் நம்பரைப் போட்டால் அதற்கு ஈடான தங்கள் நம்பரைக் காட்டும். இன்னொரு வழியும் உண்டு: ஒரே அடித்தளத்தில் கட்டிய வேறு கார் இன்னும் விற்பனையில் இருந்தால் பல பாகங்கள் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். லிங்க் ராடு அந்த வழியில் வந்தது.

லோயர் ஆர்ம் முழுசாக எங்கும் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்றார்கள். இரும்பு வளையாமல், துரு தின்னாமல் இருந்தால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் வளைந்த ஆர்மைத் தட்டி நிமிர்த்திப் போடுவதை ஏற்கவே மாட்டேன். சக்கரம் அதை நம்பித்தான் நிற்கிறது. என் ஆர்மின் இரும்பு நன்றாக இருந்ததால் புஷ்ஷை மட்டும் தேட முடிவு செய்தோம். வெர்னியர் என்ற நுண்ணளவு கருவியில் வெளிவிட்டம், போல்ட் துளை, நீளம் மூன்றையும் அளந்துகொண்டேன். வெளிவிட்டம் கொஞ்சம் குறைந்தாலும் புஷ் பிடிமானம் இல்லாமல் நகர்ந்துவிடும். ரப்பருக்குப் பதிலாக பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த புஷ் சுலபமாகக் கிடைத்தது, நீண்ட நாள் உழைக்கும் என்றும் சொன்னார்கள். அது ரப்பரைவிடக் கடினம், சாலையின் அதிர்வை உள்ளே கொண்டுவரும். குடும்பத்தோடு போகும் வண்டிக்கு ரப்பரே போதும் என்று காத்திருந்தேன்.

ரப்பரில் கவனம் வேண்டும். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று ஒருவர் ஆசையாக எடுத்துக் கொடுத்தார். விரலால் அழுத்தியதும் மேலே மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பொருத்தும்போது மெக்கானிக் செய்த இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும். பழைய புஷ்ஷைத் தள்ளுவதற்கு முன், அதன் ரப்பரிலுள்ள இடைவெளிகள் எந்தத் திசையில் இருந்தன என்று ஆர்மில் கோடு போட்டுக்கொண்டார். திசை மாறினால் புஷ் சீக்கிரம் கிழியும். ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கவில்லை, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே முழுசாக இறுக்கினார். தொங்கும்போது இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே நிற்கும். புது புஷ் சில மாதத்தில் போவதற்கு இது முக்கியமான காரணம், பலர் பாகத்தின் மீது பழி போடுகிறார்கள்.

ஷாக்கை இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்றினோம், கூடவே ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் மேல் மவுண்ட்டும். ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்றும் வேலையைத் தகுந்த கருவி இல்லாமல் யாரும் தொட வேண்டாம், தெறித்தால் உயிருக்கே ஆபத்து. கடைசியில் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மெண்ட். சத்தம் போனது, இழுப்பும் போனது.

பின்பக்கம் இன்னும் திடமாக இருக்கிறது. அதற்கான நம்பர்களையும் எழுதி வைத்துவிட்டேன். இரும்புச் சாமான்களை இப்போதே வாங்கி வைக்கிறேன், ரப்பரைத் தேவைப்படும்போது புதிதாக வாங்கிக்கொள்வேன்.