அம்மாவின் கிரீன் கார்டும் ஒரு பழைய ரேஷன் கார்டும்

அம்மா போன மாதம் நியூஜெர்சிக்கு வந்து சேர்ந்துவிட்டார். மனசு ஆறிய பிறகு எழுதலாம் என்றிருந்தேன். ஆறவில்லை. தப்பான ஆளிடம் போய் வீணாக்கிய மாதங்கள் இன்னும் உறுத்துகின்றன. பெற்றோருக்குக் கிரீன் கார்டு வாங்க முதலில் போடும் ஐ-130 விண்ணப்பத்தைப் போடப் போகிறவர்கள், அதிலும் ஊரில் வீட்டுப் பிரசவத்தில் பிறந்தவர்கள், இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

எங்கள் பக்கத்தில் வருமான வரிக் கணக்கு போட்டுத் தரும் ஒருவர் குடிவரவுப் படிவங்களும் நிரப்பித் தருகிறார். வக்கீல் கேட்டதில் கால்வாசிதான் கேட்டார். "அம்மாவுக்குத்தானே, வெறும் ஃபாரம்தான்" என்றார். 2024 மே மாதம் ஆன்லைனில் 625 டாலர் கட்டிப் போட்டோம்.

அதற்கு முன்பே அவர் ஒரு வேலை வைத்தார். அப்பா அம்மாவின் திருமணச் சான்றிதழ் கட்டாயம் வேண்டுமாம். அவர்கள் கல்யாணம் 1974இல், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. பதிவெல்லாம் கிடையாது. அப்பா இறந்தது 2011இல். தம்பி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்தான். முதல் நாள் அதிகாரி விடுப்பு. இரண்டாம் நாள் அங்கிருந்த எழுத்தர், "ரெண்டு பேரும் நேர்ல வரணும்" என்றார். அப்பா இல்லை என்றதும், "அப்போ இறப்புச் சான்றிதழோட வாங்க" என்றார். மூன்றாம் நாள் அதோடு போனால் அதே எழுத்தர், "இறந்தவருக்கு எப்படிங்க கல்யாணத்தைப் பதியறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு தடவையும் தம்பிக்கு ஒரு நாள் கூலி போச்சு.

பின்னால் வக்கீலிடம் இதைச் சொன்னபோதுதான் தெரிந்தது, அம்மாவுக்கு விண்ணப்பிக்க அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. என் பெயரும் அம்மா பெயரும் இருக்கிற என் பிறப்புச் சான்றிதழ் போதும். அப்பாவுக்குப் போடும்போதுதான் திருமண ஆதாரம் கேட்பார்கள். படிவத்தின் குறிப்புகளிலேயே இது இருக்கிறது. நானாவது படித்திருக்கலாம்.

2025 ஜனவரியில் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது, எல்லோரும் ஆர்எஃப்ஈ என்பார்களே, அதுதான். நான் பிறந்தது 1978 ஆகஸ்ட். பிறப்பைப் பதிந்தது 2009இல், என் கிரீன் கார்டுக்காக. பிறந்து ஒரு வருடத்துக்கு மேல் கழித்துப் பதிந்தது என்றால் அதை மட்டும் நம்ப மாட்டார்கள். போதாததற்கு அதில் அம்மா பெயர் ராஜம், பாஸ்போர்ட்டில் ராஜலட்சுமி. எனக்குச் செல்லுபடியான சான்றிதழ் அம்மாவுக்கு மட்டும் ஏன் போதாது என்று படிவக்காரரிடம் கேட்டேன். பதில் இல்லை. அன்றைக்கே ஒரு குடிவரவு வக்கீலைப் பிடித்தேன். அவர்தான் விளக்கினார்: "அப்போது கேள்வி நீ பிறந்தாயா என்பது. இப்போது கேள்வி, நீ இவருக்குப் பிறந்தாயா என்பது."

வக்கீல் அம்மாள் காகிதத்தைத் தொடுவதற்கு முன் என் அம்மாவிடம் பேச வேண்டும் என்றார். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். அமெரிக்காவில் குடியிருக்கத்தான் வருகிறீர்களா, இல்லை பேரப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்களா என்று கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வயலை யார் பாக்கறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதத்தில் நான் இதைக் கேட்கவே இல்லை. கிரீன் கார்டு இங்கே குடியிருப்பவர்களுக்கானது, திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் ஊரில் தங்கினால் சிக்கல் என்று வக்கீல் பொறுமையாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அம்மாவே கூப்பிட்டு, வயலைத் தம்பி பார்த்துக்கொள்வான், நான் வருகிறேன் என்றார். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கியது.

பள்ளிக்கூட டிசி, எஸ்எஸ்எல்சி புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தோம். அந்தக் காலத்துப் பதிவுகளில் அப்பா பெயர் மட்டும்தான். பெற்றவள் பெயருக்கு இடமே இல்லை! அப்பா இறந்தபின் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் மனைவி, பிள்ளைகள் எல்லோர் பெயரும் இருந்தது. அது நல்லது, ஆனால் 2011ஆம் வருடத்தது, இன்னும் பழையது வேண்டும் என்றார் வக்கீல். அம்மா பரணிலிருந்து மஞ்சள் பையை இறக்கச் சொன்னார். உள்ளே 1985ஆம் வருட ரேஷன் கார்டு. மடிப்பில் கிழிந்து நூலால் தைத்திருந்தது. மண்ணெண்ணெய்க் கட்டங்களில் மை ஊறிப்போயிருந்தது. முதல் பக்கத்தில் அப்பா பெயர், அதன்கீழே ராஜம், மனைவி, அதன்கீழே என் பெயர், மகள், வயது 7. தம்பி வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பியதும் அழுதுவிட்டேன். வக்கீல் முத்திரைகள் உட்பட எல்லாப் பக்கத்தையும் மொழிபெயர்க்கச் சொன்னார். தமிழும் ஆங்கிலமும் தெரிந்த தோழி ஒருத்தி செய்து, தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று கையெழுத்திட்டாள். அதற்கு நோட்டரி வேண்டாம்.

அடுத்து, என் பிறப்பை அறிந்தவர்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம், அதாவது அஃபிடவிட். அதில் பெரிய சறுக்கல். பத்திர எழுத்தர் இரண்டு பேர் பெயரில் "நன்கு அறிவேன்" என்று ஒரே வாசகத்தை அடித்துக் கொடுத்துவிட்டார். ஒருவர் பக்கத்து வீட்டு அண்ணன் என்று நாங்கள் கூப்பிடுகிறவர். வக்கீல் அவர் பிறந்த தேதியைப் பார்த்தார்: 1981. நான் பிறந்து மூன்று வருடம் கழித்துப் பிறந்தவர் என் பிறப்புக்கு எப்படிச் சாட்சி? அது அப்படியே போயிருந்தால் மற்ற காகிதங்களின் மேலும் சந்தேகம் விழுந்திருக்கும். படிவக்காரர் கண்ணில் இது பட்டிருக்குமா?

அத்தை, அப்பாவின் அக்கா, என் பிரசவத்தின்போது கூடவே இருந்தவர். வயது 79. பார்த்ததை அவர் வாயால் சொல்ல வைத்து அப்படியே எழுதச் சொன்னார் வக்கீல். பதினெட்டாம் பெருக்கு கழிந்த வெள்ளிக்கிழமை, விடியற்காலை, மருத்துவச்சி வரும்வரை தான்தான் வெந்நீர் போட்டது என்று அத்தை சொன்னார். காலண்டரைப் பார்த்தேன், 1978 ஆகஸ்ட் 4 வெள்ளிக்கிழமைதான். இன்னொன்றை அம்மாவின் தங்கை, என் சித்தி எழுதினார். ராஜமும் ராஜலட்சுமியும் ஒருவரே என்று அம்மா தனியாக ஒன்று எழுதிக் கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிக்கொண்ட பெண்கள் தங்கள் திருமணச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள். நான் முதலில் வைக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆர்எஃப்ஈக்குப் பதில் ஒரே தடவைதான். பாதியை அனுப்பிவிட்டு மீதி பின்னால் வரும் என்றால், இருப்பதை வைத்தே முடிவு சொல்லிவிடுவார்கள். கடிதத்தில் உள்ள தேதிக்குள் பதில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அன்றைக்குத் தபாலில் போட்டால் போதாது. தம்பி அவசரப்பட்டு ரேஷன் கார்டை மட்டும் முதலில் அனுப்பிவிடலாம் என்றான். வக்கீல் தடுத்தார். எல்லாவற்றையும் ஒரே கட்டாக, எது எதற்கு ஆதாரம் என்று முகப்புக் கடிதத்தோடு ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பினார்.

ஒப்புதல் வந்தது. அதன்பின் ஸ்பான்சர் படிவம், மெடிக்கல், மும்பை நேர்காணல் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

அம்மா வந்த அன்று இரவு அத்தை வீடியோவில் கூப்பிட்டார். அம்மாவை விசாரித்த கையோடு என்னிடம், "ஏம்மா, என் கையெழுத்து செல்லுச்சா?" என்று கேட்டார்.

"செல்லுச்சு அத்தை."