வகுப்பறை வரைபடத்தில் யார் கையெழுத்து?

2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் லெய்த்தே தீவைப் புரட்டிப் போட்டது, 6,000 பேருக்கு மேல் இறந்தது எல்லாம் பலருக்கு நினைவிருக்கும். அதற்குச் சில வருடங்கள் கழித்து, அந்தத் தீவில் ஒரு பள்ளிக்கு வகுப்பறை கட்ட அமெரிக்காவில் ஒரு தொண்டு அமைப்பு கிளம்பியது. கூரைக்கும் சுவருக்கும் கணக்குப் போட்டுக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் அமெரிக்காவில் லைசென்ஸ் வைத்திருக்கும் கட்டமைப்புப் பொறியாளர். சம்பளம் கிடையாது, விமான டிக்கெட்டும் என் செலவு. கணக்கு எனக்குப் பழகிய வேலை. நாளைக்கு அந்தக் கூரை பறந்து யாருக்காவது அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இப்படிக் கிளம்பும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆபீசில் கேட்டேன். கம்பெனி எடுத்திருக்கும் தொழில் பொறுப்பு பாலிசி, அதாவது தொழிலில் செய்யும் தவறுக்கு வரும் நஷ்டஈட்டுக்கான இன்சூரன்ஸ், என்னையும் காப்பாற்றும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கம்பெனி பெயரில் செய்யும் வேலைக்கு மட்டும்தான் அது என்று பதில் வந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: ஆபீஸ் மெயிலில் வரைபடம் அனுப்பாதே, கம்பெனி லைசென்ஸில் ஓடும் மென்பொருளில் இந்தக் கணக்கைப் போடாதே. நியாயம்தான், நாளைக்கு அதைக் காட்டியே கம்பெனியையும் வழக்கில் இழுக்கலாம். வீட்டு இன்சூரன்ஸோடு வாங்கி வைத்திருந்த அம்ப்ரெல்லா பாலிசியை (மற்ற பாலிசிகளின் வரம்புக்கு மேல் வரும் நஷ்டஈட்டுக்கானது) எடுத்துப் படித்தால், தொழில்முறைச் சேவைக்குச் செல்லாது என்று அதிலும் ஒரு வரி.

அமெரிக்காவில் தன்னார்வலர்களைக் காப்பாற்றத் தனிச் சட்டமே இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1997-ல் வந்த சட்டம் அது. லாப நோக்கில்லாத அமைப்புக்குச் சம்பளம் வாங்காமல் உழைப்பவர், தனக்குக் கொடுத்த வேலைக்குள் நின்று, சாதாரணக் கவனக்குறைவால் தவறு செய்தால் சொந்தப் பணத்தில் நஷ்டஈடு கட்ட வேண்டியதில்லை. கடும் அலட்சியம் என்றால் பாதுகாப்பு கிடையாது. வண்டி ஓட்டி இடித்தாலும் கிடையாது. லைசென்ஸ் வேண்டிய வேலையை அது இல்லாமல் செய்தாலும் கிடையாது. அமைப்பே நம் மேல் வழக்குப் போட்டால் அதையும் இந்தச் சட்டம் தடுக்காது. இதெல்லாம் போக, வழக்கே வராது என்று அது சொல்லவில்லை. கடைசியில் நாம் ஜெயித்தாலும் அதுவரை வக்கீலுக்குக் கொடுக்கிற காசு யாருடையது? லெய்த்தேயில் இருக்கும் நீதிபதியை வாஷிங்டனில் போட்ட சட்டம் கட்டுப்படுத்தவும் செய்யாது.

அந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிலிப்பைன்ஸ் சிவில் சட்டத்தின் 1723-ஆம் பிரிவுப்படி, கட்டடம் முடிந்து 15 வருடத்துக்குள் வரைபடக் குறையாலோ மண்ணின் குறையாலோ இடிந்தால், வரைபடம் தயாரித்த பொறியாளர் பொறுப்பு. இடிந்த பிறகு வழக்குப் போட 10 வருட அவகாசம் வேறு. கட்டும்போது மேற்பார்வையும் பார்த்திருந்தால் காண்டிராக்டரோடு சேர்த்துப் பொறுப்பு. முழுத் தொகையையும் இரண்டு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். அங்கே பதிவு பெறாத வெளிநாட்டுக்காரர் வரைபடத்தில் கையெழுத்துப் போடவும் முடியாது.

ஆக, உள்ளூர் பொறியாளர் ஒருவர் இல்லாமல் ஒரு செங்கல்லும் நகராது. இந்த இடத்தில்தான் எங்கள் குழுவுக்குள் கொஞ்சம் வாக்குவாதம். அவரும் சேவையாகச் செய்வாரே, எதற்குச் சம்பளம் என்றார்கள் சிலர். நாம் ஊர் திரும்பிவிடுவோம், அந்த 15 வருடத்தைச் சுமக்கப்போவது அவர். சம்பளமும் கொடுக்க வேண்டும், நம் கணக்கைத் திருத்தும் உரிமையும் கொடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதுகூட முன்னால் 'இன்ஜினியர்' சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள், நம் ஊரில் டாக்டர் என்பதுபோல. முதல் நாளே என்னை இரும்புக் கடைக்கு அழைத்துப் போனார். கூரைத் தகட்டைத் தாங்கும் C வடிவ இரும்புச் சட்டமான சி-பர்லினை 1.5 மில்லிமீட்டர் தடிமனில் போட்டிருந்தேன். கடையில் அந்தப் பெயரில் இருந்த ஒன்றை இழுத்து, முனையில் பெயின்டைச் சாவியால் சுரண்டிவிட்டு, பையிலிருந்து தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியை எடுத்து அளந்தார். 1.2 கூட வரவில்லை. "இதுதான் இங்கே 1.5" என்றார். கடைக்காரர் சிரித்தார், மறுக்கவில்லை. பர்லின்களை நெருக்கிப் போட்டு, காற்று அதிகமாக உறிஞ்சித் தூக்கும் ஓரங்களிலும் மூலைகளிலும் திருகாணிகளைக் கூட்டினார். வரைபடம் அவர் முத்திரையோடுதான் கட்டட அனுமதிக்குப் போனது. எங்கள் கணக்கு இணைப்பாகச் சேர்ந்தது. ஒப்பந்தத்தில் கட்டுமான இடத்தில் எடுக்கும் முடிவுகள் அவருடையவை என்றும் நாங்கள் ஆலோசனை மட்டும் என்றும் எழுதிக்கொண்டோம். எழுதினால் போதாது, அப்படி நடந்துகொள்ளவும் வேண்டும். காண்டிராக்டர் எங்களிடம் எதைக் கேட்டாலும் அவரைக் கைகாட்டினோம்.

இன்சூரன்ஸில் இரண்டு விஷயம் கேட்கச் சொல்வேன். அமைப்பிடம் இருக்கும் பொதுப் பொறுப்பு பாலிசியில் பெரும்பாலும் வடிவமைப்புத் தவறு அடங்காது, அதற்குத் தனி பாலிசி வேண்டும். அது வெளிநாட்டு வேலைக்கும், வெளிநாட்டு நீதிமன்றத்தில் வரும் வழக்குக்கும் செல்லுமா என்பது முதல் கேள்வி. அடுத்தது காலம். இந்த வகைப் பாலிசிகள் வேலை செய்த நாளில் இருந்தால் போதாது, வழக்கு வருகிற நாளிலும் உயிரோடு இருக்க வேண்டும். அமைப்பு பிரீமியம் கட்டுவதை நிறுத்திவிட்டால் நம் கதி அதோகதி. பாலிசியைத் தொடர்ந்து புதுப்பிப்பதாகவும், வழக்குச் செலவை அமைப்பே ஏற்பதாகவும் எழுத்தில் வாங்கிய பிறகுதான், விபத்துக்கு அமைப்பைப் பொறுப்பாக்க மாட்டேன் என்று அவர்கள் நீட்டிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பயண இன்சூரன்ஸ் சுலபம். அவசரத்துக்கு விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரும் செலவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். அப்புறம், ஹபல்-ஹபல் என்று அங்கே ஓடும் பைக் டாக்ஸியில் தொற்றிக்கொள்ள எல்லோருக்கும் ஆசை வரும். எங்கள் பாலிசியில் இருசக்கர வண்டி விபத்து விலக்கு. கூட வந்த மாணவர்களுக்கு அதைத் தடை செய்தோம், முணுமுணுத்தார்கள். 6 அடிக்கு மேலே ஏறினால் கயிறும் பெல்ட்டும் என்ற அமெரிக்கக் கட்டுமான விதியையும், அது அங்கே செல்லாது என்றாலும், அப்படியே வைத்துக்கொண்டோம்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. பள்ளியோடு போடும் ஒப்பந்தத்தின் முதல் வரைவில், கட்டடத்தால் எது நடந்தாலும் ஊர்க்காரர்கள் எங்கள்மேல் எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டார்கள் என்று ஒரு வரி இருந்தது. இலவசமாகக் கிடைக்கிற கட்டடத்துக்கு எந்தத் தலைமையாசிரியர்தான் கையெழுத்துப் போடமாட்டார்? அந்தக் கூரைக்குக் கீழே உட்காரப்போவது அந்த ஊர்ப் பிள்ளைகள். நம்மைக் காப்பாற்ற இன்சூரன்ஸ் வாங்கியாகிவிட்டது, பிறகு அவர்கள் உரிமையை ஏன் எழுதி வாங்க வேண்டும்? வக்கீலுக்கு இது பிடிக்கவில்லை. கடைசியில் பராமரிப்புக் குறைவால் வரும் சேதத்துக்கு மட்டும் அந்த வரி என்று சுருக்கினார்கள். கட்டமைப்புக் குறைக்கு அந்த வரி பொருந்தாது என்று ஆனது.

கட்டி முடித்த நிலையிலான வரைபடத்தில் ஒரு பிரதி பள்ளியிலும் இன்னொன்று பரங்காய் எனப்படும் உள்ளூர் நிர்வாக அலுவலகத்திலும் இருக்கிறது. கணக்குகள் என்னிடம் இருக்கின்றன. வருடா வருடம் பாலிசி புதுப்பித்த சான்றிதழைக் கேட்டு அமைப்புக்கு மெயில் போடுகிறேன். அனுப்பிவிடுகிறார்கள், சில வருடம் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது.