பழைய தூண்களின் மேல் புதிய விதிகள்

சுமார் ஐம்பது ஆண்டு வயதான நான்கு மாடிக் கான்கிரீட் கட்டடத்தின் மேல் இன்னொரு தளம் எழுப்பலாமா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தபோது, நான் எடுத்துவைத்த முதல் அடியே தவறாகப் போயிற்று. பழைய வரைபடங்களைக் கொண்டு கணினியில் மாதிரியை அமைத்து, இன்றைய நிலநடுக்க விதிகளை ஒரு புதுக் கட்டடத்துக்குப் போலவே ஏற்றினேன். கீழ்த்தளத் தூண்கள் சில மட்டுமே தேறவில்லை.

நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 1893-இல் உள்ள குறைப்புக் காரணியை 5 என்று எடுத்திருந்தேன். நிலநடுக்க விசையை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துக் கணக்கிட விதி அனுமதிப்பது, தூண் நொறுங்காமல் வளைந்து கொடுக்கும் என்ற நம்பிக்கையில்தான்; தூணின் முதன்மைக் கம்பிகளைச் சுற்றி நெருக்கமாகக் கட்டிய ரிங்குகளும், உட்புறக் கான்கிரீட்டுக்குள் 135 பாகைக்கு மடக்கிய அவற்றின் முனைக் கொக்கிகளுமே அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். ஸ்கேனர் வைத்துப் பார்த்தபோது ரிங்குகளின் இடைவெளி 200 மி.மீ.க்கும் மேல் இருந்தது. கொக்கியின் வடிவத்தை ஸ்கேனர் காட்டாது என்பதால், இரண்டு தூண்களில் மேற்பூச்சையும் கம்பிக்கு வெளியே இருந்த கான்கிரீட்டையும் கவனமாக உடைத்துப் பார்த்தோம்: எல்லாம் 90 பாகைக் கொக்கிகள். வெளிக் கான்கிரீட் உதிர்ந்தால் அத்தகைய கொக்கி திறந்துகொள்ளும். பிறகு முதன்மைக் கம்பிகளைப் பிடித்து நிறுத்த எதுவும் இராது. காரணியை 3 ஆகக் குறைத்ததும் விசைகள் ஏறத்தாழ 67 விழுக்காடு கூடின.

கான்கிரீட்டின் வலிமையை ஊகிக்காமல் துளையிட்டு உருளை வடிவக் கோர் மாதிரிகள் எடுத்து அறிந்தோம். பழைய கட்டடங்களை நிலநடுக்கத்துக்காக மதிப்பிடும் அமெரிக்கத் தரவிதியான ஏஎஸ்சிஇ 41, கட்டடத்தைப் பற்றிய அறிவு குறைவாக இருந்தால் உறுப்புகளின் வலிமையை 0.75 ஆல் பெருக்கச் சொல்கிறது. சோதனைகள் கூடினால் அக்காரணி 1 வரை உயரலாம். பழைய கட்டடத்துக்கான விதி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உத்திரங்களை முதலில் வலுப்படுத்தும்படி உரிமையாளர் கேட்டார். நான் மறுத்தேன், உத்திரம் மட்டும் வலுவானால் சேதம் தூணுக்கு இடம் மாறும், தூண் விழுந்தால் மாடியே விழும். தூண்களுக்கு ஜாக்கெட்டிங் செய்யும்போதும், அதாவது சுற்றிலும் புதிய கம்பியும் கான்கிரீட்டும் சேர்க்கும்போதும், புதிய கம்பிகள் தளத்தைத் துளைத்து மேலே தொடர வேண்டும். தளத்தோடு நின்றுவிட்டால் அந்த மூட்டில் வளைவு வலிமை கூடுவதில்லை.

அடித்தளத்தையும் சரிபார்த்த பிறகு, கூடுதல் தளம் வேண்டாம் என்றும், இருக்கும் நான்கு மாடிகளுக்காகவே தூண்களை வலுப்படுத்த வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன்.