ஸ்பைடர்மேன் ஏன் இன்னும் சலிக்கல
1962ல வந்த ஒரு கேரக்டரை அறுபது வருஷம் தாண்டியும் புதுசு புதுசா பசங்க தலைல தூக்கி வெச்சு கொண்டாடறாங்கன்னா சும்மா இல்லங்க. எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கின பையன், மாஸ்க்குக்கு உள்ள பேரு பீட்டர் பார்க்கர். அதுவரைக்கும் சூப்பர்ஹீரோ காமிக்ஸ்ல டீனேஜ் பசங்கன்னா பெரும்பாலும் ஹீரோவுக்கு பக்கத்துல நிக்கிற துணைதான், இங்க அவனே ஹீரோ, அதுவும் வாடகைக்கு அல்லாடற ஹீரோ.

எனக்கு 1966 பிப்ரவரி தேதி போட்ட ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ காமிக்ஸோட 33வது இதழ்தான் உயிர். மேல மலை மாதிரி இரும்பு மெஷின் அமுக்குது, தண்ணி கொட்டிட்டே இருக்கு, அவனை வளர்த்த மே ஆன்ட்டியோட உயிரைக் காப்பாத்தற மருந்து கண்ணு முன்னாடி, ஆனா கைக்கு எட்டாத தூரத்துல கிடக்கு, அவன் முக்கி முக்கி, முடியலன்னு தளர்ந்து, திரும்ப முயற்சி பண்றதை டிட்கோ பக்கம் பக்கமா இழுத்துட்டே போவார், கடைசியா ஒரே ஒரு முழுப்பக்கத்துல அவன் அதைத் தூக்கிட்டு நிமிருவான் பாருங்க, எத்தனை தடவை படிச்சிருந்தாலும் மூச்சைப் பிடிச்சுட்டுதான் அந்த பக்கத்தைத் திருப்பறேன்.

அதே பையன்தான் 1973ல தன் காதலி க்வென் ஸ்டேசிய வலை வீசி பிடிச்சும் காப்பாத்த முடியாம நிப்பான். ஜெயிக்கறது மட்டும்னா இத்தனை வருஷம் யாரும் கூடவே வந்திருக்க மாட்டாங்க.

அப்புறம் அந்த மாஸ்க், முகத்துல ஒரு இன்ச் கூட தெரியாது, உள்ள யார் வேணா இருக்கலாம். 2011ல மைல்ஸ் மொரேல்ஸ்ங்கற வேற பையன் ஸ்பைடர்மேனா வந்தப்ப எனக்கு அவ்ளோ கோபம், பீட்டர் இடத்துல இன்னொருத்தனான்னு. இப்ப அவனோட புது இதழ் வந்தா மொதல்ல அதைத்தான் பிரிக்கறேன்.