ருவாண்டாவுக்குப் போன வெள்ளை மாத்திரை

உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸின் 31(எஃப்) பிரிவு, கட்டாய உரிமத்தில் (காப்புரிமைதாரரின் சம்மதமின்றி அரசு தரும் அனுமதியில்) தயாரிக்கும் மருந்து பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே போக வேண்டும் என்கிறது. மருந்து ஆலையே இல்லாத நாடு என்ன செய்யும்? அந்த அமைப்பின் 2001 தோஹா பிரகடனம் இந்தச் சிக்கலை ஒப்புக்கொண்டது. 2003 ஆகஸ்ட் 30 அன்று உறுப்பு நாடுகள் இத்தகைய நாடுகளுக்கான ஏற்றுமதிக்கு வழிவிட்டன.

வழி என்றால் கரடுமுரடான வழி. 2007 ஜூலையில் ருவாண்டா 2,60,000 பாக்கெட் எச்.ஐ.வி. கூட்டு மாத்திரை தேவை என்று உலக வர்த்தக அமைப்புக்கு எழுதியது. அதைத் தயாரிக்க முன்வந்த கனடாவின் ஜெனரிக் (பிறர் உருவாக்கிய மருந்தின் நகலைத் தயாரிக்கும்) நிறுவனமான அபோடெக்ஸ், முதலில் காப்புரிமைதாரர்களிடம் அவர்களாகவே விரும்பி உரிமம் தரும்படி கேட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். மறுத்தால்தான் அரசிடம் போகலாம். கிடைத்த உரிமமோ ஒரே நாட்டுக்கு, குறிப்பிட்ட அளவுக்கு, இரண்டே ஆண்டுக்கு. சரக்கு வேறெங்கும் கசியாதிருக்க, வழக்கமான நீலத்துக்குப் பதில் வெள்ளை மாத்திரை, மேலே ‘எக்ஸ்சிஎல்’ முத்திரை. முதல் சரக்கு கிளம்பியது 2008 செப்டம்பரில்.

நோயாளி தினமும் விழுங்க வேண்டிய மருந்துக்கு ஓராண்டுக்கு மேல் காகித வேலை! சிறு ஆர்டருக்கு இவ்வளவு செலவு செய்ய எந்த ஜெனரிக் நிறுவனமும் யோசிக்கும். இதே ஏற்பாடுதான் 2017 ஜனவரியில் டிரிப்ஸில் 31பிஸ் என்ற நிரந்தரப் பிரிவானது, நடைமுறையில் பெரிய மாற்றமின்றி.