என் போர்ட்ஃபோலியோவோட முதல் பக்கத்துல ஏன் ஒரு பேப்பர் இருக்கு

மாஸ்டர்ஸ் முடிஞ்சாச்சு, படிக்கும்போது பண்ண வேலைங்கள காட்டுற போர்ட்ஃபோலியோ சைட்டும் ஏத்தியாச்சு. இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன் அண்ட் எஜுகேஷனல் டெக்னாலஜின்னு டிகிரி பேரு. ஊர்ல அத்தைகிட்ட போன்ல சொன்னப்போ "அப்போ இனிமே டீச்சர் வேலையா, கம்ப்யூட்டர் வேலையாம்மா"ன்னு கேட்டாங்க, நியாயமான கேள்விதான். ஒரு ஆள் ஒரு விஷயத்த கத்துக்கணும்னா என்ன தேவை, எந்த வரிசைல குடுக்கணும், எவ்ளோ பயிற்சி வேணும், கத்துக்கிட்டாரான்னு எப்படி தெரிஞ்சுக்கறது, இதெல்லாம் யோசிச்சு பாடத்த அமைக்கிற வேலை. ஸ்கூல் பசங்களுக்கும் பண்ணலாம், ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் பண்ணலாம், பேங்க் ஸ்டாஃபுக்கும் பண்ணலாம்.

அமெரிக்கால இந்த டிகிரி குடுக்கிற நிறைய யுனிவர்சிட்டில தீசிஸுக்கு பதிலா போர்ட்ஃபோலியோதான் கேக்குறாங்க, எங்க டிபார்ட்மென்ட்லயும் அப்படித்தான். படிக்கும்போது பண்ண ப்ராஜெக்ட் எல்லாத்தையும் எடுத்து, ஏஇசிடின்னு இந்தத் துறைக்கு ஒரு சங்கம் இருக்கு, அவங்க 2012ல போட்ட அஞ்சு ஸ்டாண்டர்ட்ஸ்க்கு எந்த ப்ராஜெக்ட் எதுக்கு சாட்சின்னு எழுதி, அப்புறம் ப்ரொஃபசர்ங்க முன்னாடி உக்காந்து ஏன் இப்படி பண்ணேன்னு பதில் சொல்லணும். வேலைக்கு அப்ளை பண்றப்பவும் அதே சைட்டோட லிங்க்தான் போகும். அதனால பொதுவா எல்லாரும் நல்லா பளபளன்னு, கேரக்டர் பேசுற, பட்டன் அமுக்குனா பறந்து வர மாட்யூல, அதாவது ஆன்லைன் பாடத்த, முன்னாடி வைப்பாங்க. நான் வெச்சிருக்கறது எந்த டின்ன வெச்சுக்கலாம், எத தூக்கிப் போடணும்னு சொல்ற, லாமினேட் பண்ண ஒரே ஒரு தாள். சைட்ட பாத்த ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேர் இதத்தான் கேட்டாங்க, நல்ல அனிமேஷன் எல்லாம் உள்ள இருக்கே, இத ஏன் முதல்ல வெச்சேன்னு. அதுக்குத்தான் இந்த போஸ்ட்.

இங்க ஊருக்கு ஊர் ஃபுட் பேன்ட்ரி இருக்கும், மளிகை வாங்க முடியாத குடும்பங்களுக்கு இலவசமா சாமான் குடுக்குற இடம். கடைங்களும் ஜனங்களும் தானமா குடுக்குற டின், பாக்கெட் எல்லாம் பெட்டி பெட்டியா வரும், வாலன்டியர்ஸ் ஒரு நீள மேஜைல நின்னு எது குடுக்கலாம் எது தூக்கிப் போடணும்னு பிரிப்பாங்க. நீட்ஸ் அனாலிசிஸ், அதாவது நிஜமா என்ன தேவைன்னு கண்டுபிடிக்கிற பேப்பருக்கு ஒரு க்ளையன்ட் வேணும்னு நான் போனது அப்படி ஒரு இடத்துக்கு. அவங்க கேட்டது ஆன்லைன் ட்ரெய்னிங், முக்கால் மணி நேரம், கடைசில க்விஸ், சர்டிஃபிகேட். ஏன்னா நல்ல சாமானெல்லாம் குப்பைக்கு போகுது, டின் மேல இருக்கிற தேதி தாண்டிடுச்சுன்னா யோசிக்காம போட்டுடறாங்க.

இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது. அமெரிக்கால சாப்பாட்டு பாக்கெட் மேல இருக்கிற "பெஸ்ட் பை", "செல் பை" தேதியெல்லாம் பெரும்பாலும் தரத்துக்கான தேதி, ருசி குறையும் அவ்ளோதான், அன்னிக்கு ராத்திரியோட விஷமாயிடாது. ஃபெடரல் சட்டப்படி தேதி போட்டே ஆகணும்னு இருக்கிறது குழந்தைங்களுக்கான பால் பவுடர் மாதிரி இன்ஃபன்ட் ஃபார்முலாவுக்கு மட்டும்தான், அது தேதி தாண்டினா குடுக்கவே கூடாது. டின்ல அடைச்ச பீன்ஸ், கறியெல்லாம் ரெண்டுல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் நல்லா இருக்கும், தக்காளி, அன்னாசி மாதிரி புளிப்பு சேர்ந்தது ஒண்ணரை வருஷம் வரைக்கும். நிஜமா பயப்பட வேண்டியது தேதிய பாத்து இல்ல, உப்பிப் போன டின், கசியற டின், தையல் ஓரத்துல ஆழமா நசுங்கின டின், இதுங்கள பாத்துதான். தேதி நல்லா இருக்குன்னு உப்பின டின்ன உள்ள அனுப்பிட்டா அதுதான் ஆபத்து.

சரி, இது தெரியாததுதானே பிரச்சனை, அப்போ ட்ரெய்னிங் குடுக்க வேண்டியதுதானேன்னு தோணும். நான் சாயங்கால ஷிஃப்ட்ல ஓரமா நின்னு பாத்தேன். ஒவ்வொரு வாரமும் ஆளுங்க மாறுறாங்க. சர்ச்ல இருந்து ஒரு குரூப், காலேஜ்ல இருந்து ஒரு குரூப், ஒரு தடவை வந்துட்டு திரும்ப வராதவங்கதான் அதிகம். அவங்க ரெண்டு மணி நேரம் உழைக்க வந்திருக்காங்க, அதுல முக்கால் மணி நேரத்த ஸ்க்ரீன் முன்னாடி உக்கார வெச்சா என்ன மிச்சம்? அப்புறம் அந்த முடிவு எடுக்குறது எங்க? மேஜை முன்னாடி, கையில டின்னோட, சில செகண்ட்ல. அந்த இடத்துல நிமிர்ந்து பாத்தா தெரியற மாதிரி பதில் இருந்தா போதும், யாரும் எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம்.

ட்ரெய்னிங் பத்தி எழுதின ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970லயே சொன்னது இதுதான். வேலை சரியா நடக்கலன்னா உடனே பாடம் நடத்தாதீங்க, முதல்ல அது திறமை இல்லாத பிரச்சனையான்னு பாருங்க, அப்படியே இருந்தாலும் பாடத்த விட சுலபமான வழி இருக்கான்னு பாருங்க. அந்த மாதிரி சுலபமான வழிங்கள்ல ஒண்ணு, வேலை செய்யற இடத்துலயே பாத்துக்கற குறிப்பு, அதுக்கு எங்க துறைல ஜாப் எய்ட்னு பேரு. அந்தத் தாள் ஒரு ஜாப் எய்ட்.

போர்ட்ஃபோலியோல நான் தாள மட்டும் வைக்கல, அது எப்படி மாறிச்சுன்னு ஒவ்வொரு வெர்ஷனையும் வெச்சிருக்கேன், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதியும் அதான். முதல் வெர்ஷன் கட்டம் போட்ட டேபிள், எழுத்து நிறைய, எஸ்எம்இ, அதாவது விஷயம் தெரிஞ்ச ஆள், அந்த பேன்ட்ரியோட சேஃப்டி பொறுப்பாளர், அவங்க சொன்னது எல்லாம் அதுல இருக்கு. அத மேஜை மேல வெச்சுப் பாத்தா, நிக்கிறவங்க கண்ணுக்கும் தாளுக்கும் நடுவுல ரெண்டு கை நீளம் தூரம், க்ளவுஸ் போட்ட கையால எடுத்துப் பாக்க மாட்டாங்க. அதனால அடுத்ததுல எழுத்து பெருசாச்சு, செவுத்துக்குப் போச்சு, நசுங்கின டின்னுக்கு வார்த்தைக்கு பதில் ஃபோட்டோ. சிவப்புன்னா தூக்கிப் போடு, பச்சைன்னா வெச்சுக்கோன்னு இருந்ததுக்கு பக்கத்துலயே பெருக்கல் குறி, டிக் குறி சேர்ந்துச்சு, சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்க எல்லா கூட்டத்துலயும் இருப்பாங்க, நிறத்த மட்டும் நம்பி தகவல் சொல்லக்கூடாதுன்னு டபிள்யூசிஏஜில, அதாவது வெப்சைட்ட எல்லாரும் பயன்படுத்தற மாதிரி செய்யறதுக்கான வழிகாட்டுதல்ல, விதியே இருக்கு. இன்ஃபன்ட் ஃபார்முலா மட்டும் தனியா மேல, கட்டம் கட்டி. அடுத்த பக்கத்துல அதே விஷயம் ஸ்பானிஷ்ல.

வேலை செஞ்சுச்சான்னு எப்படி பாக்குறது? டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959ல சொன்ன நாலு படிய இன்னிக்கும் நிறைய கம்பெனிங்க பேசும். பிடிச்சிருந்துச்சா, கத்துக்கிட்டாங்களா, வேலைல மாறிச்சா, அதனால பலன் வந்துச்சா. நம்ம ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட்ல முக்கால்வாசி முதல் ரெண்டோட நின்னுடும், ஏன்னா கோர்ஸ் முடிஞ்சவங்கள தேடிப் போயி பாக்க முடியாது. இங்க ஷிஃப்ட் முடிஞ்சு குப்பைத் தொட்டிய பாத்தாலே மூணாவது படி தெரிஞ்சிடுது, அத பாத்து எழுதினது அப்படியே சைட்ல இருக்கு.

ரிச்சர்ட் க்ளார்க் 1983ல ஒரு கட்டுரை எழுதினார், இந்த டிகிரி படிக்கிற எல்லாரும் ஏதாவது ஒரு செமஸ்டர்ல அத வெச்சு சண்டை போட்டிருப்போம். கம்ப்யூட்டர், டிவி எல்லாம் பாடத்த கொண்டு வர வண்டி மட்டும்தான், மளிகை கொண்டு வர லாரியால நம்ம உடம்பு தேறாது, உள்ள இருக்கிற மளிகையாலதான் தேறும்ங்கிறது அவர் வாதம். ராபர்ட் கோஸ்மா அதுக்கு எதிர்ப்பக்கம், ஒவ்வொரு மீடியத்துக்கும் அதுக்கே உரிய சக்தி இருக்கு, அத சரியா பயன்படுத்தினா கத்துக்கறதும் மாறும்னார். நான் க்ளார்க் பக்கம் சாயற ஆளு, ஆனா முழுசா இல்ல, அதுக்கு காரணம் என்னோட ரெண்டாவது ப்ராஜெக்ட்.

நான் இங்க வர முன்னாடி தமிழ்நாட்டுல ஒரு ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரி எடுத்துட்டிருந்தேன். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்சுட்டு ப்ளஸ் ஒன்ல இங்கிலீஷ் மீடியம் வர பசங்க நிறைய, அவங்க முட்டி நிக்கிற முதல் இடம் மோல் கான்செப்ட், அணு, மூலக்கூறுங்கள மொத்தமா எண்ணுற கணக்கு. ஒரு மோல்ல இருக்கிற எண்ணிக்கை, அவகாட்ரோ எண், 6.022 × 10²³னு எழுதினதுமே பாதி முகம் வாடிடும். போர்டுல ஒரு கணக்கு போட்டுட்டு உடனே பத்து கணக்கு ஹோம்வொர்க் குடுக்குறதுதான் நம்ம வழக்கம். ஜான் ஸ்வெல்லர் சொன்ன காக்னிடிவ் லோட் தியரி படிச்சப்போதான் அந்தப் பசங்க தலைக்குள்ள என்ன நடந்திருக்கும்னு எனக்கு புரிஞ்சுது. புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஒரே நேரத்துல மனசுல வெச்சுக்க முடியறது ரொம்ப கொஞ்சம், அதுல விடைய தேடற வேலையே எல்லா இடத்தையும் பிடிச்சிடும், முறைய கத்துக்க இடமே இருக்காது. அதனால முழுசா போட்டுக் காட்டின கணக்குங்கள நிறைய படிக்க வைக்கணும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா படிகள எடுக்கணும்.

என் மாட்யூல் அப்படித்தான் போகும். 9 கிராம் தண்ணில எத்தனை மூலக்கூறுன்னு முதல் கணக்கு, எல்லாப் படியும் போட்டிருக்கும். தண்ணியோட மோலார் மாஸ், அதாவது ஒரு மோலோட எடை, 18 கிராம், 9ஐ 18ஆல வகுத்தா 0.5 மோல், அத அவகாட்ரோ எண்ணால பெருக்கினா 3.011 × 10²³. அடுத்த கணக்குல கடைசிப் படி மட்டும் காலி, பசங்க நிரப்பணும். அதுக்கடுத்ததுல கடைசி ரெண்டு. இப்படி பின்னாடில இருந்து காலியாகி காலியாகி கடைசில முழுக் கணக்கும் அவங்களே. ஏற்கனவே நல்லா தெரிஞ்ச பையனுக்கு இதே முறை இடைஞ்சலா ஆகும்னு ஆராய்ச்சில இருக்கு, அதனால ஆரம்பத்துல ஒரு கேள்வி, சரியா போட்டா நேரா கடைசிக்குப் போயிடலாம். இந்த மாதிரி ஆளுக்கு ஆள் வழி பிரியறது, தப்பு போட்ட உடனே எந்தப் படில தப்புன்னு சொல்றது, அறுபது பேர் உக்காந்திருக்கிற க்ளாஸ்ல போர்டால முடியாது. அங்க கோஸ்மா சொல்றது எனக்கு சரியாப் படுது.

இதுல நான் ரொம்ப நேரம் யோசிச்ச இடம் ஒண்ணு இருக்கு. ரிச்சர்ட் மேயரோட மல்டிமீடியா விதிகள்ல ஒண்ணு, குரல்ல சொல்றத அப்படியே எழுத்தா ஸ்க்ரீன்லயும் போடாதேன்னு. படமும் இருக்கு குரலும் இருக்குன்னா எழுத்து கண்ணோட கவனத்த பங்கு போட்டுக்கும். ஆனா அந்த விதிக்கே விலக்கு உண்டு, கேக்குற மொழி தாய்மொழியா இல்லாதவங்களுக்கும், கடினமான கலைச்சொல் வர இடத்துலயும் எழுத்து உதவும். என் பசங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. அதனால விளக்கம் முழுக்க தமிழ்ல பேச்சு, பரிட்சைல இங்கிலீஷ்ல எழுத வேண்டிய சொல் மட்டும் அது வர அந்த நிமிஷத்துல ஸ்க்ரீன்ல, முழு வாக்கியம் எங்கயும் கிடையாது. இத ஏன் இப்படி வெச்சேன்னு போர்ட்ஃபோலியோல ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கேன், டிஃபென்ஸ்ல, அதான் ப்ரொஃபசர்ங்க முன்னாடி பதில் சொல்றப்போ, ஒரு ப்ரொஃபசர் ரொம்ப நேரம் கேள்வி கேட்டதும் இந்த ஒரு பக்கத்ததான்.

பழைய ஸ்டூடன்ட்ஸ் சிலர்கிட்ட லிங்க் அனுப்பி, வீடியோ கால்ல அவங்க போடறத பாத்தேன். ஒரு பொண்ணு நடுவுல நிறுத்தி "மிஸ், அந்த 18 எங்கருந்து வந்துச்சுன்னு திரும்ப பாக்கணும், பின்னாடி போக பட்டன் இல்லையே"ன்னு கேட்டா. அடுத்த வெர்ஷன்ல எந்தப் படிய தொட்டாலும் அது எங்கருந்து வந்துச்சுன்னு திறக்கும். அவ கேட்டது தனி ஸ்லைடா சைட்ல இருக்கு, பேர் இல்லாம.

பேர் இல்லாமன்னதும் ஞாபகம் வருது, இந்த டிகிரி படிச்சுட்டிருக்கவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லணும். அமெரிக்க ஸ்கூல், காலேஜ்ல பண்ண ப்ராஜெக்ட்னா ஃபெர்பான்னு 1974ல இருந்து சட்டம் இருக்கு, மாணவரோட மார்க் மாதிரி படிப்பு விவரம் யாரோடதுன்னு தெரியற மாதிரி, பொதுவா சம்மதம் இல்லாம வெளில வரக்கூடாது, ஸ்க்ரீன்ஷாட்ல மூலைல தெரியற பேரக்கூட மறைங்க. க்ளையன்ட்கிட்ட சைட்ல போட்டுக்கலாமான்னு எழுத்துல வாங்கிக்கோங்க, ப்ராஜெக்ட் முடிஞ்சப்புறம் கேக்காதீங்க, ஆரம்பத்துலயே. இன்னொண்ணு லிங்க். யுனிவர்சிட்டி அக்கவுன்ட் மூடினா எல்எம்எஸ்ல, அதாவது யுனிவர்சிட்டியோட ஆன்லைன் பாட தளத்துல, கட்டின கோர்ஸ் போயிடும், எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணி, ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுத்து, டிசைன் டாக்குமென்ட்ட பிடிஎஃபா வைங்க. 2020 டிசம்பரோட ஃப்ளாஷ், பழைய அனிமேஷன் பாடங்கள ஓட்டுன சாஃப்ட்வேர், போனப்போ எவ்ளோ பேரோட வருஷக்கணக்கான வேலை திறக்காமப் போச்சு. மாட்யூல் திறக்கலன்னாலும் டிசைன் டாக்குமென்ட் இருந்தா நீங்க என்ன யோசிச்சீங்கன்னு படிக்கிறவருக்கு தெரியும்.

அப்புறம் ஏடிடிஐஇ, அதாவது அனாலிசிஸ்ல ஆரம்பிச்சு மதிப்பீடு வரைக்கும் போற பாட வடிவமைப்பு முறை, அதோட வட்டத்த பெருசா போட்டு இந்த முறைய பின்பற்றினேன்னு ஒரு வரி எழுதறத விட்டுடலாம்னு நினைக்கிறேன். எல்லா சைட்லயும் அந்த வட்டம் இருக்கு. அனாலிசிஸ்ல யார போய்ப் பாத்தீங்க, என்ன கேட்டீங்க, அதனால எந்த முடிவு மாறுச்சு, அத போடுங்க, அது ஒவ்வொருத்தருக்கும் வேற வேற.

மோல் கான்செப்ட் முடிஞ்சு இப்போ லிமிட்டிங் ரீஏஜென்ட்டுக்கு, அதாவது வினைல முதல்ல தீர்ந்து போற பொருள் பத்தின பாடத்துக்கு, ஸ்டோரிபோர்ட் போட்டுட்டிருக்கேன், பசங்களுக்கு காலாண்டு முடிஞ்சதும் போட்டுப் பாக்கறோம்னு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரி எடுக்குற டீச்சர்ஸ் யாராவது உங்க க்ளாஸ்ல போட்டுப் பாக்கணும்னா சொல்லுங்க, ஃபைல் மொத்தமா அனுப்புறேன், போன்லயே ஓடும், ஒரு தடவை இறக்கிட்டா நெட் வேண்டாம்.